பின் சக்கரம் முந்திக்கொண்டால்

இந்த அறிக்கையில் என் மகளின் பெயரைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், ஐயா. சந்திரமதி. அதில் ஓர் எழுத்துகூடப் பிழையில்லை. பக்கத்தில் ‘அழகப்பனின் மனைவி’ என்று இருக்கிறதே, அதுதான் தவறு. அதைத் திருத்தச் சொல்லத்தான் பஸ் ஏறி வந்தேன். வேறு எதற்கும் வரவில்லை.

இன்ஸ்பெக்டர் ஐயா ஆங்கிலத்தில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தம்பி அப்துல் கையூம் எனக்குத் தமிழில் சொல்லிவிட்டார். பதிவாளர் முன்னால் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, சட்டப்படி அவள் மனைவிதானே என்கிறீர்கள். அந்தச் சட்டம் நேற்று வந்தது, ஐயா. அதற்கு முன்னால் இந்தச் சிங்கப்பூரில், எங்கள் தேக்காவில், யாராவது பேனாவால் கல்யாணம் செய்துகொண்டு கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எங்களுக்குத் தாலி ஏற வேண்டும். கோவிலில் தை மாதம் நாள் குறித்திருந்தோம். கையெழுத்துக்கும் தாலிக்கும் நடுவில் நிற்கிற பெண், அப்பன் வீட்டுப் பெண்தான். எங்கள் ஆட்கள் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அந்தத் தாலி ஏறாமல் பார்த்துக்கொண்டவனே நான்தான். எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று சொன்னால்தான் நீங்கள் அந்தச் சொல்லை அடிப்பீர்கள் போலிருக்கிறது. சொல்கிறேன். நிதானமாகவே சொல்கிறேன், தம்பி எழுத வேண்டுமே.

என் பெயர் தங்கராஜு. ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் பின்னால் ஒரு சந்து. கீழே என் பட்டறை, மேலே எங்கள் வீடு. ஜப்பான்காரன் போன பிறகு வெள்ளைக்காரப் பட்டாளத்தின் வண்டிகளைப் பழுதுபார்த்துத்தான் தொழில் கற்றேன். எல்லா வேலையும் செய்வேன் என்றாலும் பிரேக் வேலைக்கென்றே என்னைத் தேடி வருவார்கள். சுவா சூ காங் பண்ணைக்காரர்கள்கூட அவ்வளவு தூரம் லாரியை ஓட்டிக்கொண்டு வருவார்கள். என் பட்டறையிலிருந்து வெளியே போன வண்டி பிரேக் பிடிக்காமல் போனது என்று இதுவரை ஒருவனும் சொன்னதில்லை. இந்த வண்டியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என் மனைவி செத்தபோது சந்திரமதிக்குப் பால் பல்கூட விழவில்லை. வேறு கல்யாணம் செய்துகொள் என்று வந்தவர்களை வாசலோடு அனுப்பினேன். பிள்ளையைப் பட்டறைக்குத் தூக்கி வந்து, பழுதுக்கு நின்ற ஏதாவது ஒரு வண்டியின் சீட்டில் உட்கார வைத்துவிட்டு வேலை பார்த்தேன். அவள் அங்கேயே தூங்குவாள், அங்கேயே சாப்பிடுவாள்.

பிரேக் வேலையில் ஒரு கட்டம் உண்டு, அதை ஒற்றை ஆளாகச் செய்ய முடியாது. புது எண்ணெய் ஊற்றினால் குழாய்க்குள் காற்று தங்கிவிடும். காற்று இருந்தால் பிரேக் பஞ்சு மாதிரி அமுங்கும். அதை வெளியேற்ற ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்து மரையைத் திறக்க வேண்டும், ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை அழுத்த வேண்டும். கால் எட்டுகிற வயது வந்ததிலிருந்து சீட்டில் உட்காருவது என் மகள்தான். செருப்பைக் கழற்றிவிடுவாள். வெறுங்காலில்தான் தெரியும் என்பாள். ‘அழுத்து’ என்பேன், அழுத்துவாள். ‘பிடி’ என்பேன், அசையாமல் பிடித்திருப்பாள். ‘விடு’ என்றால் விடுவாள். மற்ற அப்பன்கள் மகளோடு என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாது. எங்களுக்கு இந்தப் பேச்சே போதுமாக இருந்தது. மேலே அவள் குரல் கேட்கிறவரை எனக்கு ஒரு குறையும் இல்லை, ஐயா. அதை இவ்வளவு வெளிப்படையாக நான் யாரிடமும் சொன்னதில்லை.

அழகப்பன் புக்கித் தீமா பக்கத்தில் ஒரு கல்மலையில் மண்டோர். கல் உடைக்கிற ஆட்களை மேய்க்கிற வேலை. கம்பெனி அவனுக்கு ஒரு லேண்ட் ரோவர் கொடுத்திருந்தது, பட்டாளம் ஏலம் விட்ட பழைய வண்டி. நாங்கள் எல்லாவற்றையும் ஜீப் என்றுதான் சொல்வோம். அந்த மலைப்பாதையை நீங்களும் போய்ப் பார்த்திருப்பீர்கள். செம்மண், சரிவு, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கல் வெட்டி எடுத்த பள்ளம். அந்தப் பாதையில் வண்டி அடிக்கடி படுத்துவிடும், அவன் அடிக்கடி என்னிடம் வருவான். வந்தவன் பட்டறையில் வண்டியை மட்டும் பார்க்கவில்லை.

அவனைக் குறை சொல்ல முடியாது. குடிக்க மாட்டான். என் முன்னால் சிகரெட்டைக் கையில் எடுக்க மாட்டான். உட்கார் என்றால்தான் உட்காருவான். அவன் அம்மா பூவம்மா மலைமேல் கம்பெனியின் கூலி லயத்து வீட்டில் இருக்கிறார். அந்த அம்மாள் வெற்றிலை பாக்கோடு வந்து முறையாகத்தான் பெண் கேட்டார். நான் மகளைக் கேட்டேன். “எனக்கு அவரைப் பிடிச்சிருக்குப்பா” என்றாள். எங்கள் தொழிலில் பிடிப்பது என்றால் ஓடுகிற சக்கரத்தை நிறுத்துவது. இவள் சொன்னது வேறு. தம்பி, ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருக்கும், பார்த்து எழுதுங்கள்.

நானும் சம்மதித்தேன். புக்கித் தீமா எட்டாத தூரமா என்ன. பஸ்ஸில் வந்து போகலாம், பிரேக் வேலை இருக்கிற அன்றைக்கு வரச் சொல்லலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஈப்போ பேச்சு வந்தது. கம்பெனி அங்கே, வடக்கே மலாயாவில், புது மலை திறக்கிறது, அழகப்பனைப் பெரிய மண்டோராக அனுப்புகிறது. கல்யாணம் முடிந்த கையோடு இருவரும் ரயில் ஏறுவதாக ஏற்பாடு.

“நீங்களும் வந்துடுங்க மாமா” என்றான். “பட்டறையை யாருக்காச்சும் கொடுத்துட்டு எங்களோட வந்து இருங்க. அங்கேயும் ஜீப்பு இருக்கு லா. இல்லேன்னா சும்மா உக்காந்து சாப்பிடுங்க. எங்கம்மா இருக்காங்க, நீங்களும் இருங்க.”

மனதாரத்தான் சொன்னான். சந்திரமதியும் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினாள். மருமகன் வீட்டுத் தட்டில் கை நனைக்கிற ஆள் நான் இல்லை. அதோடு, ஈப்போவில் அவள் யாருக்குப் பெடல் அழுத்துவாள்? அந்த வீட்டில் அவள் அவனுடைய மனைவி, அந்த அம்மாளின் மருமகள். நான் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைக்கப்படுகிற கிழவன். எனக்குக் கோபம் வரவில்லை. பயம் வந்தது. என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போகப் போகிறாளே என்கிற பயம். அவள் துணியை மடித்துப் பெட்டியில் வைக்கிற சத்தம் கேட்டால் பட்டறைக்கு இறங்கிப் போய்விடுவேன்.

அந்தச் சமயத்தில்தான் வண்டி வந்தது. “பின் பிரேக் சுத்தமா பிடிக்கலை மாமா. முன்னாடிதான் எல்லாத்தையும் இழுத்துப் பிடிக்குது” என்றான். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். அச்சிலிருந்து எண்ணெய் கசிந்து, பின் சக்கரத்தை உரசிப் பிடிக்கிற பிரேக் லைனிங் பட்டை ஊறிப் போயிருந்தது. எண்ணெய் பட்ட லைனிங் எதையும் பிடிக்காது. ஆயில் சீலை மாற்றினேன், சிலிண்டரை மாற்றினேன், புது லைனிங் அடித்தேன். அதுவரைக்கும் செய்தது பழுதுவேலை. அதோடு நிறுத்தியிருந்தால் அந்த வண்டி இன்னும் பல வருஷம் அந்த மலையில் ஏறி இறங்கியிருக்கும்.

பிறகு அதை மேம்படுத்தினேன். சுங்கை சாலைப் பழைய சாமான் சந்தையில் நீள லேண்ட் ரோவரின் பின் பிரேக் ஒரு ஜோடி கிடைத்தது. அதன் டிரம் பெரியது, பிடிப்பும் பெரியது. இவனுடையது மாதிரி குட்டி வண்டிக்கு அதை மாட்டுகிறவர்கள் உண்டு. ஆனால் முன்பக்கத்தையும் அதற்குத் தக்கபடி மாற்றுவார்கள். நான் பின்பக்கம் மட்டும் அதை மாட்டினேன், முன்பக்கத்தை மாற்றவில்லை. அங்கே கொஞ்சம் தளர்த்திவிட்டேன். பிடிக்காத அளவுக்கு அல்ல, தாமதமாகப் பிடிக்கிற அளவுக்கு.

இன்ஸ்பெக்டர் ஐயாவுக்கு இது புரிய வேண்டும். பஸ் சட்டென்று நின்றால் நிற்கிறவர்கள் எல்லாரும் முன்னால் போய் விழுவார்கள் அல்லவா? வண்டியின் பாரமும் அப்படித்தான் முன்னால் சாயும். பின்பக்கம் லேசாகிவிடும். அதனால் முன் சக்கரம்தான் அதிகமாகப் பிடிக்க வேண்டும், பின் சக்கரம் அதற்குப் பின்பாட்டுப் பாட வேண்டும். பின் சக்கரம் முந்திக்கொண்டு நின்றுவிட்டால் அது உருளாது, சறுக்கும். சறுக்கினால் வண்டியின் முதுகு முன்னால் வரப் பார்க்கும். காய்ந்த தார்ச்சாலையில் இதெல்லாம் தெரியாது, பிரேக் அருமையாக இருக்கிறது என்றுதான் தோன்றும். ஈரச் செம்மண்ணில், இறக்கத்தில், வளைவில்தான் தெரியும். மார்கழி மழைக்காலம். அந்த மலையில் வேறு வழியும் இல்லை. இதையெல்லாம் நான் தெரிந்தேதான் செய்தேன். தம்பி, ‘தெரிந்தே’ என்று எழுதிக்கொள்ளுங்கள்.

எண்ணெய் ஊற்றிக் காற்றெடுக்க ஆள் வேண்டுமே. வழக்கம்போல் மகளைக் கூப்பிட்டேன். சீட்டில் உட்கார்ந்தாள். நான் அடியில் படுத்துக்கொண்டு அழுத்தச் சொன்னேன். அழுத்தியவள் நிறுத்திவிட்டாள்.

“அப்பா, பெடல் கொஞ்சம் ஆழமா போகுதே. முன்னாடி லேட்டா வருதோ?”

“புது லைனிங்மா. ஓட ஓட உக்காந்துரும்.”

“முன்னாடி புது லைனிங் போடலையேப்பா.”

“நீ அழுத்து. நான் பாத்துக்கிறேன்.”

அழுத்தினாள். நான் சொன்னால் அவள் நம்புவாள். அவளை அப்படித்தான் வளர்த்தேன்.

அழகப்பன் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு சிராங்கூன் சாலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். “பிரமாதமா பிடிக்குது மாமா, கால் வச்சதும் நிக்குது” என்று சிரித்தான். எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் வேலையைப் பாராட்டினால் ஒரு திருப்தி வரத்தான் செய்கிறது, அதை மறைப்பானேன். உங்கள் வண்டிப் பரிசோதகரும் அதையேதான் சொன்னார் என்று கேள்விப்பட்டேன். பிரேக் எல்லாம் புதிது, நல்ல கைவேலை, ஓட்டியவர் பதறிப்போய் அழுத்திவிட்டார் என்று. பெரிய டிரம்மைப் பார்த்தவர் முன்பக்கத்தைக் கழற்றிப் பார்க்கவில்லை. புதிதாக இருப்பதை யாரும் சந்தேகப்படுவதில்லை.

அந்த வண்டியில் அவன் ஒருவன்தான் போவான். அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கையெழுத்துப் போட்டிருந்தாலும், தாலி ஏறுவதற்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே வண்டியில் ஏறி ஊர் சுற்றுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. அப்படி நினைத்ததில் என் தவறு என்ன என்று நீங்களே சொல்லுங்கள். ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேரும் அதைத்தான் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அழகப்பன் வண்டியோடு வந்தான். அம்மாவுக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை, மருமகளைப் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடியாக இருக்கிறார், மதியம் இருந்துவிட்டுச் சாயங்காலம் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன் என்றான். நான் வாயைத் திறப்பதற்குள் சந்திரமதி மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டாள். நீலச் சேலை. தலையில் பூ. கையில் ஹார்லிக்ஸ் பாட்டில்.

“தாலி ஏறாம எப்படிம்மா ஒண்ணா போறது? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?” என்றேன்.

“ரிஜிஸ்டர் ஆயிடுச்சுல்லப்பா. இவர் என் புருஷன்தானே” என்றாள். வெட்கப்பட்டுக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டாள். அந்தச் சொல்லை என் முகத்துக்கு நேராக அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

“பஸ்ஸில போலாமே” என்றேன்.

“ஏன் மாமா, நீங்க செஞ்ச பிரேக்கை நீங்களே நம்பலையா?” என்று அழகப்பன் கிண்டல் செய்தான். அவளும் சிரித்தாள். சீட்டில் ஏறி உட்கார்ந்து, சேலையை மடக்கிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது.

மீதி உங்கள் அறிக்கையிலேயே இருக்கிறது. மழையில் இறங்கி வருகிறபோது பள்ளத்தை ஒட்டிய வளைவில் வண்டி குறுக்கே திரும்பி, பின்பக்கமாகப் போய்க் கீழே விழுந்தது. இரண்டு பேரும் போய்விட்டார்கள். இப்போது இரண்டு பேரும் ஆஸ்பத்திரிப் பிணவறையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறார்கள். பூவம்மா காய்ச்சலோடு அங்கே வாசலில் உட்கார்ந்திருக்கிறார். தன் மகன், தன் மருமகள், இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் எரிக்க வேண்டும் என்கிறார். ‘மனைவி’ என்கிற அந்தச் சொல் அறிக்கையில் இருக்கிறவரைக்கும் ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்த அம்மாள் பேச்சைத்தான் கேட்பார்கள். என் மகளை என் கையில் தர மாட்டார்கள். என் பெண்ணை நான் என் வீட்டிலிருந்து கன்னியாக எடுத்துப்போக வேண்டும். அதற்குத்தான் இந்தத் திருத்தம். நான் கேட்பது அதிகமில்லை.

தம்பி ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டார்? எழுதட்டும். இன்ஸ்பெக்டர் ஐயா கேட்கிற கேள்வி எனக்குப் புரிகிறது. அவள் ஏறியபோது ஏன் நிறுத்தவில்லை என்கிறார்.

சட்டென்று நடந்துவிட்டது என்று சொல்லலாம். நீங்களும் நம்புவீர்கள். ஆனால் அது உண்மையில்லை. மலை ஏறுகிறபோது அந்த பிரேக்கால் ஒன்றும் ஆகாது, இறங்குகிறபோதுதான். அவர்கள் மேலே மதியம் பூராவும் இருந்தார்கள். எனக்கு நேரம் நிறைய இருந்தது. எங்கள் சந்து முனையில் ஹைனான் சீனரின் காப்பிக்கடை இருக்கிறது, அதில் டெலிபோன் இருக்கிறது. மலைமேல் கம்பெனி ஆபீஸிலும் டெலிபோன் இருக்கிறது. எண் எனக்கு மனப்பாடம், வண்டி தயாராகிவிட்டது என்று எத்தனையோ தடவை அதில்தான் அழகப்பனைக் கூப்பிட்டிருக்கிறேன். காப்பிக்கடையில் போய் டெலிபோனுக்குப் பக்கத்து மேசையில்தான் உட்கார்ந்தேன். காப்பி குடித்தேன். இன்னொரு காப்பி சொன்னேன். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. கடைக்காரர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, “ஹுஜான் பெசார் லா, தங்கராஜு” என்று, பெரிய மழை வருகிறதென்று மலாயில் சொல்லிக்கொண்டே நாற்காலிகளை மழை படாமல் உள்ளே இழுத்துப் போட்டார். என்னைக் கொஞ்சம் காலைத் தூக்கச் சொன்னார். தூக்கிக்கொண்டேன்.

ஒரு தடவை எழுந்துபோய் டெலிபோனைக் கையில் எடுத்தேன். என்ன சொல்வது என்று யோசித்தேன். மழை பெய்கிறது, மெதுவாக வாருங்கள் என்றால் அழகப்பன் சிரிப்பான். பிரேக் சரியில்லை என்றால் அவன் நம்பக்கூடும், ஆனால் அவள் பக்கத்தில் இருப்பாளே. ஏன் என்று கேட்பாள். முன்பக்கம் லேட்டாக வருகிறது என்று அவள் கால் முன்பே சொல்லிவிட்டது; நான் வாயைத் திறந்தால் மீதியை அவளே சேர்த்துக்கொள்வாள். பிரேக் தெரிந்த பெண் அவள், நான் சொல்லிக்கொடுத்ததுதான். அவளிடம் எதையும் பாதியில் மறைக்க முடியாது.

ஆகவே டெலிபோனை வைத்துவிட்டேன். அவள் நல்லதுக்குத்தான் வைத்தேன், ஐயா. அப்பன் இப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொண்டு ஒரு பெண் வாழ்நாள் பூராவும் எப்படி இருப்பாள்? அந்த வேதனையை அவளுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. சொல்லியிருந்தால் அவள் அந்த மலையிலிருந்து நடந்தாவது உயிரோடு இறங்கி வந்திருப்பாள். ஆனால் என் வீட்டுக்கு வந்திருக்க மாட்டாள்.